எதிரே தெரிந்த கோயிலுக்கு இரண்டு நாள் நடை

வட அந்தமான் திக்லிபூரில் மழை பெய்தால் ரேடியோ டெலிபோனில் இரைச்சல்தான் கேட்கும். அன்று காலை அந்த இரைச்சலுக்குள்ளிருந்து போர்ட் பிளேர் எக்ஸ்சேஞ்ச் பெண் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "வசந்தா அக்கா, பாக்கியம் தீதி போயிட்டாங்க" என்றாள். தெற்கே போகும் கப்பல் அந்த வாரம் கிடையாது. அந்த எக்ஸ்சேஞ்சில் என்னோடு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து வேலை பார்த்தவளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் சிரிப்பு வந்தது. அவளைத் தெரிந்த உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பாக்கியத்தை நினைத்தால் எனக்குக் கால்வலியும் சிரிப்பும் சேர்ந்துதான் வரும்.

அவள் கணவர் முத்திருளாண்டி அண்ணன் மரம் இழுக்கும் லாஞ்சை ஓட்டும் சாரங்காக இருந்தார். ஒருமுறை புயலில் லாஞ்ச் காணாமல் போனது. பாக்கியம் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று சுவிட்ச்போர்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கரையோரம் லைன் இருந்த ஒவ்வொரு போலீஸ் சாவடியையும் கூப்பிட்டு, "பாயி சாப், லாஞ்ச் ஆயா க்யா?" என்று இந்தியில் லாஞ்ச் வந்ததா எனக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஏதோ ஒரு சாவடியிலிருந்து "ஆ கயா", வந்துவிட்டது என்று குரல் வந்தது. "முருகா!" என்று அவள் போட்ட கூச்சலில், வேறு லைனில் பேசிக்கொண்டிருந்த பெரிய அதிகாரி போனைக் கீழே போட்டுவிட்டாராம். பழனிக்கு நடந்தே வருவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பழனி எங்கே, போர்ட் பிளேர் எங்கே? மெயின்லேண்ட் போக லீவும் கிடைக்கவில்லை, கப்பலில் இடமும் கிடைக்கவில்லை. "நம்ம ஊருக்கு எதிர்க்கரையிலேயே குன்று மேல முருகன் இருக்காரே, பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் போறாங்களே, அங்கே போய் முடிச்சுடு" என்றேன். நம் ஆட்கள் போகும் வழி உங்களுக்குத் தெரியும். சாத்தாமில் படகேறி, கடலை முறுக்கு தின்று முடிப்பதற்குள் பம்பூபிளாட்டில் இறங்கி, அங்கிருந்து மேடேறுவோம். அதற்குப் பெயர் பாதயாத்திரை!

பாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க ராமநாதபுரத்துச் சனம் கால் வீங்க வீங்கப் பழனிக்கு நடக்கும். நான் படகுல போய் எறங்கி, நடந்து வந்தேன்னு சாமிகிட்ட பொய் சொல்லவா? ஊர் மாறினாப் பரவாயில்லடி, நடை குறையக் கூடாது."

அப்போதுதான் அந்த யோசனையைச் சொன்னாள். துறைமுகத்துக் கடல் உள்ளே வெகுதூரம் போய் ஓரிடத்தில் முடிகிறதல்லவா? அந்த முடிவைச் சுற்றிக்கொண்டு கரையோடு கரையாகவே எதிர்ப்பக்கம் போய்விடலாம். சிப்பிகாட், துஷ்ணாபாத், பெரார்கஞ்ச், அதற்கப்புறம் காட்டு வழி, பிறகு விம்பர்லிகஞ்ச். ஜங்லிகாட்டிலிருந்து பார்த்தால் விளக்குத் தெரியும் கோயிலுக்கு இரண்டு நாள் நடக்க வேண்டும். "உனக்குப் பைத்தியம்" என்றேன். மறுநாள் நானே, "ராத்திரி எங்கே தங்குவது?" என்று கேட்டேன்.

அடுத்த ஒரு மாதம் எங்கள் எக்ஸ்சேஞ்ச் பட்ட பாட்டை எப்படிச் சொல்ல! மதியம் லைன் ஓய்ந்ததும் பாக்கியம் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். ஒரு சாவடியில் குடிதண்ணீர், இன்னொன்றில் வழியில் அட்டைப்பூச்சி எவ்வளவு, துஷ்ணாபாத்தில் வங்காளிக் குடும்பம் எதுவாவது படுக்கத் திண்ணையும் குடிக்கக் கஞ்சியும் கொடுக்குமா என்று விசாரணை நடக்கும். சொந்தக் கண்ணால் பார்க்காத வழியை முழுக்கக் காதாலேயே போட்டாள். எங்கள் வங்காளி சூப்பர்வைசர் முதலில் முறைத்தார். ஒரு வாரம் கழித்து டீ கிளாஸோடு வந்து நின்று, "க்யா பாக்கியம், ராஸ்தா மிலா?" என்று, வழி கிடைத்ததா எனத் தினமும் கேட்க ஆரம்பித்துவிட்டார். எனக்கோ ராத்திரியில் தூக்கம் வரவில்லை. கல்யாணத்துக்குக்கூட நான் அப்படிப் பரபரத்ததில்லை.

பிறகு அந்தச் செய்தி வந்தது. பெரார்கஞ்ச் தாண்டி ஓர் ஓடை, அதன் மேலிருந்த மரப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தோணி தருகிறோம் என்றார்கள் சாவடிக்காரர்கள். மரம் தூக்கும் யானை மேல் ஏற்றி விடுகிறோம் என்றது காட்டிலாகா. "தோணியும் சவாரி, யானையும் சவாரி" என்றாள் பாக்கியம். இறங்கி நடக்கலாமென்றால் முதலை. அன்று அவள் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஒரு ஓடையால் வேண்டுதலே நின்றுபோய்விடும் போலிருந்தது.

மறுநாள் ஓடைக்கரை மர டெப்போவைக் கூப்பிட்டாள். சாத்தாம் மில்லுக்கு மரங்களைத் தெப்பமாகக் கட்டித்தானே இழுத்து வருவார்கள்? அந்தத் தெப்பத்தைக் கரைக்குக் கரை குறுக்கே நிறுத்த முடியுமா என்று கேட்டாள். லாஞ்ச்காரர் மனைவிக்குத்தான் இப்படித் தோன்றும். "தெப்பமும் மிதக்கத்தானே செய்யுது?" என்று சீண்டினேன்.

"நகர்ந்தாத்தான்டி வண்டி. கட்டிப் போட்டா அது பாலம்."

நடந்தோம். ஐந்து பெண்கள், ஒரு வேல், ஒரு மூட்டை அவல். அட்டை கடித்தது, செருப்பு அறுந்தது, துஷ்ணாபாத் வீட்டில் மீன் குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு எங்களுக்கென்று பருப்பு வேகவைத்தார்கள். ஓடைத் தெப்பத்தில் படாக் மரங்கள் காலடியில் வழுக்க, இந்தப் பக்கம் யானைப்பாகன், அந்தப் பக்கம் டெப்போ ஆட்கள், எல்லோருமாக "சபாஷ் தீதி!" என்று கத்த, பாக்கியம் வேலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் கடந்தாள். அந்த நிமிஷத்தை விட்டுவிட்டு என் வாழ்க்கையை எழுதச் சொன்னால் எழுதுவதற்கு அதிகம் இருக்காது.

குன்றின் படியில் முத்திருளாண்டி அண்ணன் மோர்ப்பானையோடு காத்திருந்தார். அவர் நேராகக் கடலில் வந்துவிட்டார். பாக்கியம் அவரைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு சந்நிதிக்குப் போய், ஒன்றும் கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்தாள். ஒரு தடவை என்று தொடங்கியது வருஷா வருஷம் ஆனது, உங்களில் பலர் சேர்ந்துகொண்டீர்கள். ஒவ்வொரு வருஷமும் புறப்படும்போது அவரிடம், "நீங்க கடல்ல வாங்க, நான் கரையில வர்றேன்" என்பாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் திக்லிபூருக்கு லைன் போட்டுக் கூப்பிட்டார். "தங்கச்சி, உத்திரம் வருது. லாஞ்சைக் கட்டிப் போட்டுட்டேன். இந்தத் தடவை நான் நடக்கப்போறேன். ஆனா அவ எந்த வழியாப் போவான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் எப்பவும் நேரா வந்துட்டவன்தானே."

சொன்னேன். எங்கே தண்ணீர் குடிக்க வேண்டும், எங்கே அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், எந்த வீட்டில் பாக்கியம் பெயரைச் சொன்னால் பாய் விரிப்பார்கள், எல்லாம் வரிசையாக வாயில் வந்தது. பாக்கியம் எனக்கு விட்டுப்போனது இந்த வழிதான், அது என் தொண்டையில் இருக்கிறது. அந்த ஓடையில் மட்டும் இன்னும் யாரும் பாலம் போடவில்லை. நானே டெப்போவைக் கூப்பிட்டேன். எடுத்தது புது ஆள். தெப்பம் யாருக்கு என்று இந்தியில் கேட்டான்.

"பாக்கியம் தீதிக்கு" என்றேன்.

"தீதி கிளம்பிட்டாங்களா?" என்றான் அவன். கிளம்பிவிட்டாள் என்றேன்.