ஹெலன் டீச்சரின் இரண்டு கேள்விகள்

நீலக் கோலப்பொடியை அள்ளி, ஹெலன் டீச்சர் ரோம் நகரத்துக்கு ஆறு போட்டுக்கொண்டிருந்தார். படாளத்துப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியின் திடல் அது. போன வாரம் இதே மண்ணில் மொகஞ்சதாரோ இருந்தது. அடுத்த வாரம் லண்டன் வரும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டு பேரும் குடிமக்கள்.

எந்த நகரமானாலும் டீச்சருக்கு இரண்டே கேள்விகள். "குடிக்கத் தண்ணி எங்கருந்து வருது? கழுவி ஊத்துனது எங்க போவுது? இத மொதல்ல சொல்லு. ராஜா இன்னா செஞ்சாருன்றத அப்பால பாத்துக்கலாம்." கோட்டை கட்டிய கதையை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, சாக்கடைக்கு இரண்டு நாள் ஒதுக்குகிற ஆள் அவர். செங்கல்பட்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் பாக்தாத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, இறங்க மறந்து மதுராந்தகம் வரை போனதும் உண்டு.

அன்று ஆய்வுக்குக் கல்வி அதிகாரி நரசிம்மன் வருகிறார். "வருஷம் கேட்டா பசங்க டக்குனு சொல்லணும் டீச்சர். இல்லாட்டி, மண்ணுல வெளையாடுறதெல்லாம் இன்னியோட க்ளோஸு. புக்கு மட்டுந்தான்" என்று தலைமையாசிரியர் ராஜாராம் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

அதிகாரி வந்ததும் முன்னால் நின்ற அம்சா என்ற பெண்ணைப் பிடித்தார். "ரோம்ல குடியரசு எந்த வருஷம் வந்துச்சு?"

"வருஷம் தெர்ல சார். ஆனா தண்ணி மலையிலருந்து கால்வாய்ல வந்துச்சு. அழுக்குத் தண்ணி ஆத்துல போயி வுழுந்துச்சு. காட்டட்டா?"

ராஜாராமின் முகம் சுண்டிப்போனது. எல்லாம் போச்சு என்று ஹெலன் தரையைப் பார்த்தார். அம்சாவோ விடுவதாக இல்லை.

"உங்க வூடு எங்க சார் கீது?"

"படூர்ல. அப்பார்ட்மெண்ட்."

"தண்ணி எங்கருந்து வருது?"

"லாரில வருதும்மா."

"கழுவி ஊத்துனது எங்க போவுது?"

பிள்ளைகள் அத்தனை பேரும் அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெல்லப் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "துர்கா, நம்ம பிளாட்டு கழிவுத் தண்ணி எங்க போகுது? இல்லம்மா, அடைப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. வாட்ச்மேனக் கேட்டுச் சொல்லு. பசங்க காத்துகிட்டு இருக்காங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பிள்ளை தெரியாமல் கேட்டுவிட்டது சார் என்று மன்னிப்புக் கேட்க ராஜாராம் ஓரடி முன்னால் வந்தார். ஹெலன் டீச்சர் அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.