என் மகளின் கட்டிக்குக் காரணம் சொன்னவர்கள்

என் மகள் பிறந்தபோதே முதுகெலும்பின் அடிநுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. எட்டாம் நாள் மதுரையில் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். ஜெர்ம் செல் கட்டி, புற்று இல்லை, ஆனால் திரும்ப வரலாம், மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குள் எங்கள் ஊர் கூடலூரில் விசாரணை முடிந்து தீர்ப்பும் ஆகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் பிஸ்கட் பொட்டலத்தோடு ஆளுக்கொரு காரணமும் கொண்டுவந்தார்கள். மாசமாக இருந்தபோது நான் ஜீப்பில் மலையேறிக் குமுளி போனது. கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடந்தது. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது. இது மாமியாருடைய கண்டுபிடிப்பு.

முதுகலை படித்தவள் நான். எதையும் நம்பவில்லை. நம்பாமலேயே எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன்: எங்கள் திராட்சைத் தோட்டத்தில் அடிக்கிற மருந்து. அதைச் சொன்னதும் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏத்தா, நம்ம பழத்த ஊரே திங்குது. வேற எந்தப் புள்ளைக்கு வந்துச்சு?”

“ஜீப்புலயும் ஊரே போகுது மாமா.”

“அது வேற.”

மூன்று மாதம் கழித்துப் போனபோது மருத்துவரிடம் பட்டியலை வாசித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கரு நாலஞ்சு வாரமா இருக்கும்போது, பின்னால கருமுட்டையா மாறவேண்டிய செல்கள் உடம்போட நடுப்பகுதி வழியா சினைப்பை உருவாகுற இடத்துக்கு நகரும். சிலது வழியிலேயே தங்கிடும். பெரும்பாலும் தானா அழிஞ்சிடும். அழியாதது எப்பவாவது பெருகிக் கட்டியாகும். எதுவாகவும் மாறக்கூடிய செல்லுங்கிறதால உள்ள முடி, கொழுப்பு, பல்கூட இருக்கலாம். ஏன் தங்குதுன்னு தெரியாது. நீங்க செஞ்சது எதுவும் காரணமில்ல.”

“மருந்து?”

“அதுதான்னு சொல்ல ஆதாரமில்ல.”

வீட்டில் இதைச் சொன்னபோது எல்லோருக்கும் ஏமாற்றம்.

“தெரியாதுன்னு சொல்லவா இம்புட்டுப் படிச்சாக?” என்றார் மாமியார்.

மறுநாள் ரத்த முடிவு போனில் வந்தது. கட்டி திரும்ப வருகிறதா என்று காட்டும் எண் அது. பிறந்த குழந்தைக்கு இயல்பாகவே அதிகமாக இருக்கும். மாதம் ஏற ஏற இறங்க வேண்டும். இறங்கியிருந்தது. மருத்துவரை அழைத்தேன்.

“இன்னும் கொஞ்சம் வேகமா இறங்கியிருக்கணுமோ டாக்டர்?”

“சரியாத்தான் இறங்குது. போனை வச்சிட்டுப் பிள்ளைக்குப் பால் குடுங்கம்மா.”

கொடுத்தேன். அவள் குடித்துக்கொண்டிருக்கும்போதே என் விரல் தழும்பைத் தடவிப் பார்த்தது. மெத்தென்றுதான் இருந்தது. இடப்பக்கம் மட்டும் சற்றுக் கூடுதலாக மெத்தென்று இருப்பதுபோலப் பட்டது.