மாத்துக் கரகம்

வெறும் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறவளைக் கண்டால் செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். கரகத்துக்குள் மூன்று படி அரிசியாவது இருக்க வேண்டும். அந்தக் கனம் உச்சந்தலையில் அழுந்தினால்தான் குடம் நிற்கும். வெறும் குடம் குனிந்தாலே உருளும். உருளாமல் நிற்கிறதென்றால் அடியில் ஏதோ திருட்டு வேலை நடந்திருக்கிறது. இதையெல்லாம் அவளுக்கு யாரும் எழுதி வைத்துச் சொல்லவில்லை. குள்ளஞ்சாவடிப் பக்கத்து மாரியம்மன் திருவிழாக்களில் பதினொரு வயதிலிருந்து கரகம் எடுத்தவள் அவள்.

பதினெட்டில் பாவாடை என்கிறவனுக்கு வாக்கப்பட்டாள். பாவாடைக்கு அவள் ஆட்டம் பிடிக்கும். அதை ஊர் பார்ப்பதுதான் பிடிக்காது. எவனோ விசிலடிக்கிறான், எவனோ ரவிக்கையில் நோட்டைக் குத்த வருகிறான், மேளக்காரன் பல்லைக் காட்டுகிறான். கல்யாணமான மூன்றாம் மாதம் டீக்கடையில் ஒருவன், "ஆட்டக்காரி புருஷன் வர்றான், எடம் வுடுங்கடா" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கே குடம் பரணுக்குப் போய்விட்டது. செங்கமலம் நான்கு நாள் சோறு தின்னவில்லை. ஐந்தாம் நாள் தின்றாள். வேறென்ன செய்வாள்?

பிறகு நெய்வேலி வந்தது. பாவாடை மைன்ஸில் காண்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்து ஆறு வருஷம் மண் வெட்டினான். அவளும் இரண்டு வருஷம் கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிற மண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டினாள். அந்த ஊரில் மனிதர்கள் இரண்டே ஜாதி என்று விளையாட்டாகச் சொல்லுவார்கள்: பர்மனென்ட், காண்ட்ராக்ட். சொன்னவன் பர்மனென்ட்டாகத்தான் இருப்பான். பர்மனென்ட் என்றால் பிளாக்கில் ஓட்டு வீடு, குழாயில் தண்ணீர், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி. காண்ட்ராக்ட் என்றால் டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே கீற்றுக் குடிசை. நாளைக்கு வேலை உண்டா என்பது மேஸ்திரி வாயில். பாவாடை தூக்கத்தில்கூட பர்மனென்ட் என்று முனகுவான்.

அறுபத்துமூன்றாம் வருஷம் கரண்ட் பிளான்ட் கட்ட வந்த ருஷ்ய என்ஜினீயர் ஒருவர் வீட்டில் செங்கமலத்துக்குப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. குழாய் வராத ஒரு நாள், குடத்தின் மேல் குடம் வைத்து, கையை வீசிக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தாள். வாசற்படியில் கிடந்த துடைப்பத்தைக் குனிந்து எடுத்து ஓரமாகவும் போட்டாள். என்ஜினீயர் மனைவி நீனா அதைப் பார்த்துவிட்டாள். அன்று பிடித்த பைத்தியம் அவளுக்கு. "கமலா, சொல்லிக் குடு" என்று தினமும் நின்றாள். செங்கமலம் என்ற பேர் வாயில் நுழையாததால் கமலா. இத்தனைக்கும் நம்மூர்க் குழந்தை மூன்று வயதில் அந்தப் பேரைச் சொல்லும்.

குறை சொல்லக் கூடாது. நீனா உண்மையாகவே கற்றுக்கொண்டாள். கால் வெடிக்க ஆடினாள். கேட்டதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள். மாத்துக் கரகத்தைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான். திருவிழாவில் இரண்டு செட் மோதினால், இரண்டு பேரும் ஆடி முடித்ததும் குடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அவள் குடம் இவள் தலையில், இவள் குடம் அவள் தலையில். எவள் குடத்தில் களவு என்று அப்போது தெரிந்துவிடும். மாற்ற மறுத்தவளுக்கு அதன் பிறகு எந்த மேளக்காரனும் அடிக்க மாட்டான். நீனா இதைக் கேட்டுக் கை தட்டிச் சிரித்தாள். "மாத்து, மாத்து" என்று சொல்லிப் பழகினாள்.

எட்டு மாதம் ஆகியும் குடம் மட்டும் அவள் தலையில் நிற்கவில்லை. நடந்தால் நின்றது, சுழன்றால் விழுந்தது. "இன்னும் ரெண்டு வருசம் ஆவும்மா" என்றாள் செங்கமலம்.

இந்த நேரத்தில்தான் டவுன்ஷிப் கிளப்பில் பொங்கலுக்குக் கிராமிய நடனப் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். செங்கமலம் போய்ப் பேர் கொடுத்தாள். குவார்ட்டர்ஸ் நம்பர் கேட்டார்கள். குடிசைக்கு ஏது நம்பர்? திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிராமிய நடனத்துக்குக் கிராமத்துக்காரி ஆகாதாம்! ஏற்கெனவே பேர் கொடுத்திருந்த நீனா கிளப்புக்கே போய், "கமலா இல்லை, நான் இல்லை" என்று உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் ஏழு நிமிஷம், கடைசி அயிட்டம் என்று இடம் கொடுத்தார்கள். பாவாடை முறைத்தான். ஆபீசர்கள் எதிரில் ஆடுவது தெருவில் ஆடுவது மாதிரி இல்லை என்று அவளே அவனுக்குச் சமாதானம் சொன்னாள்.

போட்டிக்குப் பத்து நாள் முன்னால் கிளப் செயலாளர் சிங்காரவேல் நீனா வீட்டுக்கு ஒரு பையோடு வந்தார். பகலில் அவர் ஆள் எடுக்கும் பிரிவில் சூப்பரின்டென்டென்ட். பைக்குள் புதுப் பித்தளைக் குடம். அடியில் நாலு திருகுமரை போட்டு முடுக்கிய இரும்பு வளையம், வளையத்துக்குள் தோல், இரண்டு பக்கமும் கொக்கி. கொக்கியைக் கொண்டைக்குள் மாட்டிப் பூவைச் சுற்றிவிட்டால் வெளியே தெரியாது.

"இது ஸ்டேஜ் கரகம். மேடையில எல்லாரும் இப்படித்தான்" என்று நீனாவிடம் சிரித்தார். நீனா நம்பிவிட்டாள். அவள் தேநீர் போட உள்ளே போனதும் செங்கமலம் குடத்தைத் தூக்கிப் பார்த்தாள். தக்கை.

"இது களவுங்களே."

"இங்க பாரும்மா. மெட்ராஸ்லேருந்து பெரிய அதிகாரி வர்றார். வெள்ளைக்காரம்மா கரகம் ஆடறாங்கன்னு கேள்விப்பட்டுத்தான் வர்றார். அவர் எதிர்ல குடம் விழுந்தா என் மானம் போயிடும். நீதான் அவங்களுக்கு மாட்டி விடணும்."

"நான் போட்டியில ஆடறவளுங்க."

"தாராளமா ஆடு. வாயை மட்டும் திறக்காதே." குரலைத் தாழ்த்தினார். "உன் வீட்டுக்காரர் பேரு பாவாடைதானே? பொங்கல் கழிச்சு இருபது பேரை பர்மனென்ட் பண்றாங்க. லிஸ்ட் என் மேஜை வழியாத்தான் போகும். புரியுதா?"

புரியாமல் என்ன. வீட்டுக்கு வந்து சொன்னதும் பாவாடை அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் அப்படிப் பிடித்ததே இல்லை.

"வாயத் தொறந்துடாத புள்ள. ஆறு வருசம். செத்துக்கினு இருக்கேன்."

"தொறக்கல" என்றாள்.

போட்டியன்று சாயங்காலம் ஒப்பனை அறையில் நடந்ததைச் செங்கமலம் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. செயலாளர் மனைவி பார்வதி, கிராமத்துப் பெண் மாதிரி இருக்க வேண்டும் என்று நீனாவின் முகத்திலும் கையிலும் கறுப்புச் சாயம் பூசினாள். முடித்துவிட்டுச் செங்கமலத்தின் பக்கம் திரும்பி, "லைட் வெளிச்சத்துல நீ தெரியவே மாட்டியே" என்று வெள்ளை மாவை எடுத்து அப்பினாள். ஒரே கண்ணாடியில் இரண்டு முகமும் தெரிந்தன. அந்த மாவு முகத்தோடு செங்கமலம் நீனாவின் கொண்டைக்குள் கொக்கியை மாட்டினாள். மரை நான்கையும் முடுக்கினாள்.

மைதானத்தில் முன்னால் நாற்காலிகள். நடுவில் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் தரையில் காண்ட்ராக்ட் சனங்கள். பாவாடையும் அங்கேதான் நின்றான்.

நீனா ஆடினாள். காலடி சுத்தம், செங்கமலத்தின் காலடியேதான். பின்னால் வளைந்து, தரையில் கிடந்த கைக்குட்டையைப் பல்லால் எடுத்தாள். குடம் அசையவில்லை. மெட்ராஸ் அதிகாரி எழுந்து நின்று கை தட்டினார். நாற்காலிகள் எல்லாம் எழுந்தன. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கை தட்டவில்லை. அவர்கள் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரகம் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் களவு தெரியாதா?

மேடை ஓரத்தில் செங்கமலமே கொக்கியைக் கழற்றிக் குடத்தை நீனாவின் கையில் கொடுத்துவிட்டு, தன் குடத்தைத் தூக்கித் தலையில் வைத்தாள். உள்ளே மூன்று படி பச்சரிசி, வீட்டுப் பொங்கலுக்கு வாங்கியது. பன்னிரண்டு வருஷம் கழித்து, ஊர் பார்க்க, அந்தக் கனம் உச்சியில் உட்கார்ந்தது. தவில்காரர் மாடசாமி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கோலைப் போட்டார். அதன் பிறகு அவளுக்கு நாற்காலியும் தெரியவில்லை, கயிறும் தெரியவில்லை. பின்னால் வளைந்து, தரையில் கிடந்த ஊசியைக் கண் இமையால் எடுத்தாள். அவள் நிமிர்ந்தபோது கயிற்றுக்கு அப்பாலிருந்து வந்த சத்தத்தில் மெட்ராஸ் அதிகாரி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும். ஆனால் நீனா இருக்கிறாளே! சொல்லிக் கொடுத்த ஒன்றையும் மறக்காதவள். தன் குடத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேடை நடுவுக்கு வந்துவிட்டாள்.

"கமலா. மாத்து."

கயிற்றுக்கு அப்பால் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டான். "மாத்து." பத்துப் பேர். ஐம்பது பேர். "மாத்து, மாத்து." மாடசாமி வழக்கப்படி தவிலை நிறுத்திவிட்டுக் கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாற்றினால்தான் மறுபடி அடிப்பார். அதிகாரி செயலாளரிடம் குனிந்து ஏதோ கேட்டார். சிங்காரவேல் செங்கமலத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். கயிற்றுக்குப் பின்னால் பாவாடை வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

மறுத்தால், களவு தன் குடத்தில் என்று ஆகும். தன் சனம் எதிரிலேயே ஆகும். மாற்றினால் மூன்று படிக் கனத்தில் நீனாவின் கழுத்து சாயும், அத்தனை பேர் எதிரில் குடம் விழும். வாயைத் திறந்தால் லிஸ்ட் போச்சு. செங்கமலம் நீனாவைப் பார்த்தாள். வேர்வையில் சாயம் வழிந்து கன்னத்தில் வெள்ளை தெரிந்தது. அந்த முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். கள்ளி என்றால் போடி என்று விட்டுவிடலாமே.

தன் குடத்தை இறக்கித் தரையில் வைத்தாள். நீனாவின் குடத்தை வாங்கினாள். சாய்த்துப் பிடித்து, தானே முடுக்கிய நாலு மரையையும் தானே கழற்றினாள். வளையம் மேடைப் பலகையில் விழுந்து கணகணவென்று உருண்டு, செயலாளர் நாற்காலிக்கு நேராக மேடை விளிம்பில் போய் நின்றது. இரண்டு குடத்தின் மேலிருந்த பூவையும், உச்சியில் செருகியிருந்த மரக்கிளியையும் எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு தன் குடத்தைச் சரித்து, நீனாவின் குடத்துக்குள் பாதி அரிசியைக் கொட்டினாள்.

வெறும் பித்தளையில் அரிசி விழுகிற சத்தம் மைக்கில் ஏறிவிட்டது. மைதானம் முழுக்கக் கேட்டது. அவள் வாயைத் திறக்கவே இல்லை. தன் குடத்தைத் தலையில் வைத்து, அதன் மேல் நீனாவின் குடத்தை ஏற்றினாள். நீனாவின் தலையில் கனத்தை ஏற்றிக் குடத்தை விழவும் விடவில்லை. மாடசாமி இருந்த இடத்திலிருந்து எழுந்து நின்று அடித்தார். இரட்டைக் குடத்தோடு அவள் மேடையை மூன்று சுற்று சுற்றி வந்தாள்.

ஐந்து நிமிஷம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். முதல் பரிசு நீனாவுக்கு. கடைசி அயிட்டம் ஏழு நிமிஷத்துக்குப் பதில் பதினொரு நிமிஷம் ஆகிவிட்டதால் கணக்கில் இல்லை. நீனா மேடை விளிம்பில் கிடந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் வந்து கையைத் தொட்டதும் போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் செங்கமலம் வேலைக்குப் போனபோது கோப்பை சமையலறை மேஜையில் இருந்தது.

"கமலா. ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலியேம்மா."

நீனா கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள். செங்கமலம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குத் திரும்பினாள். "அது எனக்கு வேணாம்மா. என் பேரு கமலா இல்ல. செங்கமலம்."

நீனா சொல்லிப் பார்த்தாள். மூன்று தடவை வரவில்லை. நான்காவது தடவை வந்தது.

பாவாடை மட்டும் பேசவில்லை. பொங்கல் போய் மாசி பிறந்தும் பேசவில்லை. சோறு வைத்தால் தின்றான், எழுந்து போனான். அவன் கத்தியிருந்தால் அவளுக்கு நன்றாயிருந்திருக்கும். லிஸ்ட் ஒட்டுகிற அன்று காலை ஷிப்டு இரண்டு மணிக்கு முடிந்தது. ஐந்து மணி வரை ஆள் வரவில்லை. அவள் குடிசை வாசலில் நிற்பதும் உள்ளே போவதுமாக இருந்தாள். வந்தான், சட்டையெல்லாம் புழுதி.

"ஒட்டிட்டாங்களா?"

"ஒட்டிட்டாங்க."

"பேரு?"

"இல்ல."

அவள் அவன் எதிரில் வந்து நின்றாள். "என்னாலதான் போச்சு. ரெண்டு அடி அடிச்சுடுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க."

பாவாடை தோளிலிருந்த துண்டை அவிழ்த்தான். வெற்றிலை, பாக்கு, ஒரு எலுமிச்சம்பழம்.

"குறிஞ்சிப்பாடி போயிருந்தேன். திருவிழாக்காரங்க ஆள் அனுப்பிகினே இருந்தாங்க, பத்து நாளா. பங்குனியில ஆட்டமாம். மாத்துக் கரகம்."

"நீங்க ஒத்துக்கினீங்களா?"

"டீக்கடையில பத்துப் பேரு இருந்தாங்க. நீ யாருப்பான்னு கேட்டாங்க." வெற்றிலையை நீட்டினான். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டான். "ஆட்டக்காரி புருஷன்னு சொன்னேன்."

செங்கமலம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுதாள், அதை ஒன்றும் மறைக்கவில்லை. பிறகு உள்ளே போய்க் குடத்தை எடுத்துவைத்து அரிசிப் பானையில் கையை விட்டாள். ஒரு படிதான் தேறும்.

"நாளைக்கு ஷிப்டு வுட்டு வரும்போது மைன்ஸ் மண்ணு ஒரு கூடை அள்ளிகினு வாங்க" என்றாள். "பழகறதுக்கு அது போதும். கனந்தான வேணும்."