வீட்டிலிருந்து வந்த அழைப்பு

நான் கதை எழுதுகிறவள் அல்ல. பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் இது எனக்கே நடந்தது. அந்த வெள்ளிக்கிழமையை என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் வீடு சேலையூரில். தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் பூட்டை உடைத்தபோது, என் கணவர் தினகரன் பயந்துபோய் அலாரம் வைத்தார். நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். பூட்டிய வீட்டுக்குள் யாராவது நுழைந்தால், ஹால் சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டி தானாகவே என் செல்லுக்குப் போன் செய்யும். அதில் பதிவு செய்து வைத்த குரலைக் கேட்கலாம். அது அவருடைய குரல்.

"ஜெயா, நம்ம வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க. உடனே வா."

செய்தி வாசிப்பவர் மாதிரி விறைப்பாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவும் சேர்ந்தே பதிவானது.

"இருக்கட்டும் விடு. நல்லாத்தான் இருக்கு" என்று அழிக்காமல் விட்டுவிட்டார்.

போன வருடம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. எங்களுக்குக் குழந்தைகள் கிடையாது. அந்த வீட்டில் தனியாக என்னால் இருக்க முடியவில்லை. அலாரத்தைப் போட்டு, பூட்டிவிட்டு, பல்லாவரத்தில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏழு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நாலு பத்து. பள்ளி விட்டு, சந்தைக் கூட்டத்துக்குள் நடந்துகொண்டிருந்தேன். செல் அடித்தது.

திரையில் 'வீடு' என்று வந்தது.

எடுத்தேன். "ஜெயா, நம்ம வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க. உடனே வா." பின்னால் என் சிரிப்பு.

திருடன் நினைப்பே எனக்கு வரவில்லை. ஏழு மாதம் கழித்து அவர் குரல். ஒரு காய்கறிக் கடை ஓரமாக நின்று அழுதேன். பெட்டி அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். இரண்டாவது முறையும் கேட்டேன்.

மூன்றாவது முறை... என் சிரிப்பு இல்லை.

நான்காவது முறை, மெதுவாக...

"ஜெயா, நம்ம வீட்டுக்குள்ள யாருமே இல்ல. உடனே வா."

அத்தோடு நின்றுவிட்டது.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேரும்போது மணி ஐந்தாகிவிட்டது. மழை இருட்டு. எதிர்வீட்டு ஜெரூஷா அக்கா கேட்டுக்கு வந்தார்.

"என்ன ஜெயா, திடீர்னு?"

"அலாரம் அடிச்சுதாக்கா?"

"இல்லையே. மத்தியானத்துலேருந்து வாசல்லதான் உக்காந்திருக்கேன். ஒரு சத்தமும் இல்ல."

பூட்டு அப்படியே இருந்தது. அக்காவை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டுத் திறந்தேன். தரை முழுக்கத் தூசி. ஒரு காலடித் தடம்கூட இல்லை. டிவி மேல் தூசி. சாப்பாட்டு மேஜை மேல் தூசி.

வாசலைப் பார்த்தபடி ஒரு பிரம்பு நாற்காலி.

அதில் மட்டும் தூசி இல்லை.

பெட்டியில் சிவப்பு விளக்கு. பீப்... பீப்...

செல் அடித்தது. 'வீடு'.

காதில் வைத்தேன். யாரோ மூச்சு விடும் சத்தம். பிறகு...

"வந்துட்டியா..."

அது பதிவு செய்த வார்த்தை இல்லை.

"வந்துட்டேங்க."

எனக்கு வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"சாப்பிட்டீங்களா?"

லைன் போய்விட்டது.

எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேனோ, ஜெரூஷா அக்காதான் உள்ளே வந்து தூக்கிவிட்டார்.

மறுநாள் அலாரம் மாட்டிக்கொடுத்த தனசிங் வந்தார். அவருக்கு என் கணவர் இறந்தது தெரியாது. பெட்டியைத் திறந்து, தன் செல்லோடு இணைத்து ஏதோ பார்த்தார்.

"பெட்டியில ரிப்பேர் ஒண்ணும் இல்லக்கா. நேத்து நீங்க வர்ற வரைக்கும் கதவும் திறக்கல. ஆனா நாலு பத்துக்கே உங்களுக்குக் கால் போயிருக்கு. கேட்டதும் ஒண்ணாம் நம்பரை அழுத்தணும், அப்பதான் நிக்கும். நீங்க அழுத்தல."

"அழுத்தல. ஆனா அதுவா நின்னுடுச்சே."

"நிக்கலக்கா. நீங்க அழுத்தாததால அடுத்த நம்பருக்குப் போயிருக்கு. அங்க எடுத்துட்டாங்க. ஒண்ணை அழுத்தியிருக்காங்க. அப்புறம்தான் நின்னிருக்கு."

திரையை என் பக்கம் திருப்பினார். "இது யாரு நம்பர், அக்கா?"

பார்த்தேன். என் கணவருடைய நம்பர்.

அந்த போன் பல்லாவரத்தில் அக்கா வீட்டு பீரோவில், அவருடைய சட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. அவர் போன நாளிலிருந்து நான் அதற்கு சார்ஜே போடவில்லை.