மருந்துப் பாட்டில் எண்களால் ஒரு மரம்

நான் பார்த்துக்கொண்ட கணக்குப் பேராசிரியரின் வலக்கையைப் பக்கவாதம் எடுத்துக்கொண்டது, வாயை விட்டுவைத்தது. பால் ஆறினால் ஒரு பேச்சு, சுட்டால் ஒரு பேச்சு.

கல்லூரி வேலையில் சேர்ந்த நாள்முதல் ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு மாரடித்த மனிதர். புள்ளிகளைக் கோடுகளால் இணைக்க வேண்டும். எந்த வழியும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வரக் கூடாது. கிளைகிளையாகப் பிரியும் அந்தப் படத்துக்குக் கணக்குக்காரர்கள் வைத்த பெயர் மரம். எத்தனை புள்ளியோ, ஒன்றிலிருந்து அத்தனை எண்களையும் புள்ளிக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டின் இரு முனை எண்களையும் கழித்தால் ஒரே விடை இரண்டு முறை வரக் கூடாது. எல்லா மரத்துக்கும் இப்படி எண் கொடுக்க முடியுமா? யாரும் நிரூபிக்கவில்லை. அவரும்தான்.

ஒரு நாள் மருந்துப் பாட்டில்களில் நான் ஒட்டியிருந்த ஐந்து எண்களையும் உரித்துவிட்டார். சாப்பாட்டுப் பலகையில் பேனாவால் கோணல் கோடுகள் இழுத்து, அவற்றை அங்கே ஒட்டியிருந்தார். நான் திட்டிக்கொண்டிருக்கும்போதே மகள் வந்துவிட்டாள். முதியோர் இல்லத்தில் அறை சொல்லிவைத்திருந்தவள் அவள். புத்தி தெளிவாக இருக்கும்வரை வீடு, தடுமாறினால் அங்கே என்பது அவள் முடிவு.

"என்ன சிஸ்டர் இது? மருந்து நம்பரைப் பிச்சு விளையாடுறாரு! இன்னும் என்ன பார்க்கணும்?"

"விளையாட்டு இல்ல, மரம்," என்றார் அவர். "கழிச்சுப் பாரு பாப்பா. கழித்தல் ஞாபகம் இருக்கா, அதையும் ஆபீஸ்லயே வச்சிட்டு வந்துட்டியா?"

நடுவில் 1. அதிலிருந்து 5, 4, 2 என்ற எண்களுக்கு மூன்று கோடுகள். 2-இலிருந்து 3-க்கு இன்னொன்று. அவள் விரல் வைத்துக் கழித்தாள்.

"நாலு. மூணு. ஒண்ணு." விரல் கடைசிக் கோட்டில் நின்றது. "இதுவும் ஒண்ணுதாம்ப்பா."

அவள் என்னைப் பார்த்தாள். தப்பைத் தப்பில்லை என்று பூசி மெழுகுவது என் வேலையில்லை.

அவர் பலகையை இழுத்து வெகுநேரம் முறைத்தார். பிறகு இடக்கை நகத்தால் இரண்டையும் மூன்றையும் உரித்து, இடம் மாற்றி ஒட்டினார்.

"இப்போ?"

"நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு."

"உங்கம்மா இருந்திருந்தா ஒட்டும்போதே கத்தியிருப்பா."

மகள் சிரித்துவிட்டாள். வாசல் பக்கம் போய் இல்லத்துக்கு ஃபோன் போட்டாள். "அந்த ரூமை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"மரியாதையாச் சொல்லு பாப்பா," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நாளைக்கு நான் மறுபடி தப்பா ஒட்டினா அவங்க தயவு வேணும்."