எங்கள் வீட்டுக் ‘கொயந்தைங்க நாள்’

அப்பாவின் காக்கிச் சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் அதிலிருந்து கந்தக வாடை போகாது. கப்பலில் கந்தகம் வந்த வாரங்களில் மூக்கை எரிக்கும். கோதுமை வந்த வாரங்களில் சாக்கு வாடையோடு கலந்து கொஞ்சம் தணிந்திருக்கும். பதின்மூன்று வயதில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது, அப்பாவின் திக்குவாயை அவர் முன்னாலேயே நடித்துக் காட்டிச் சிரிப்பு வாங்கினேன். யாரும் தூண்டிவிடவில்லை. தெரியாமல் செய்ததும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி எழுதப்போவது பெரும்பாலும் சந்தோஷமான விஷயங்கள், அவற்றை வாசிக்கிறவர்கள் என்னை நல்ல பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது.

அறுபதுகளில் ராயபுரத்தில், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் ஒரு சந்தில் இருந்தோம். அப்பா சவரிமுத்து துறைமுகத்தில் சிக்னல்மேன். கப்பலின் மேல்தட்டில், சரக்கு இறங்கும் குழியின் விளிம்பில் நின்று, சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் எந்திரத்தை ஓட்டுகிறவருக்குக் கையாலேயே ஏற்று, இறக்கு, மெதுவாக, நிறுத்து என்று காட்டுகிற வேலை. அந்த இரைச்சலில் யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது என்பதால், பேச்சு திக்குகிற மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடைத்திருக்காது. சந்தில் எல்லாப் பிள்ளைகளையும் போல நானும் தங்கை ஸ்டெல்லாவும் அவரை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம்.

அம்மா கல்யாணத்துக்கு முன்பு கன்னியர் மடம் ஒன்றில் சமையல்கட்டில் வேலை செய்தவள். அவளுக்கு விருந்து வைக்கக் காரணம் வேண்டாம், ஒரு பெயர் கிடைத்தால் போதும். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை ‘வெள்ளை விருந்து’: இட்லி, தேங்காய்ச் சட்னி, தயிர், சர்க்கரை, எல்லாம் வெள்ளை, உடுப்பும் வெள்ளையாக இருந்தால்தான் தட்டு கிடைக்கும். வாசலில் வந்து நின்ற கறுப்புப் பூனையைக்கூட ஒருமுறை விரட்டிவிட்டாள். பெருமழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டால் அது ‘கப்பல் விருந்து’. எல்லோரும் கட்டில்மேல் ஏறிக்கொள்ள வேண்டும், காலைக் கீழே வைத்தவனைச் சுறா தின்றுவிடும். அப்பா கட்டில் ஓரத்தில் நின்று துறைமுகத்தில் காட்டுவது போலவே கை காட்ட, அம்மா அடுக்களைப் பக்கமிருந்து குழம்புச் சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து ‘மெதுவாக’ என்று காட்டும்போது மெதுவாக இறக்கி வைப்பாள். பக்கத்து வீடுகளில் வாளி வாளியாக இறைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் இறைக்கத்தான் வேண்டியிருந்தது, ஆனால் சாப்பிட்ட பிறகு.

எல்லாவற்றிலும் பெரியது கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் வரும் மாசற்ற குழந்தைகள் திருநாள். அம்மா இருந்த மடத்தில் அன்று மட்டும் கடைக்குட்டிக் கன்னியர்தான் மடத்துத் தலைவியான பெரிய தாயாரின் நாற்காலியில் உட்காருவாராம். அவர் சொன்னதை மற்றவர்கள் கேட்க வேண்டுமாம். அந்த வழக்கத்தை அம்மா அப்படியே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். எங்கள் வாயில் அது ‘கொயந்தைங்க நாள்’. அன்று நான் அப்பா, ஸ்டெல்லா அம்மா. நாங்கள் போடுகிற உத்தரவை விளக்கணைக்கும்வரை யாரும் மறுக்கக் கூடாது. அம்மா ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிக்கொள்வாள். அப்பா எங்கிருந்தோ தேடிப் பிடித்த பெரிய அரைநிக்கரை மாட்டிக்கொண்டு, என் பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, டப்பாவில் இருக்கும் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல்லைத் திருடித் தின்று மாட்டிக்கொண்டு, மூலையில் முட்டிபோடுவார். அம்மாவின் புடவையைச் சுருட்டிக் கட்டிய ஸ்டெல்லா, “இன்னாடா சவரி, மூஞ்ச கழுவாம துன்னுகினு கீறே?” என்று அதட்டுவாள். அப்பாவுக்குத் தோள் குலுங்கும். விருந்துக்கு ஒவ்வொரு வருடமும் திருவொற்றியூரிலிருந்து மாணிக்கம் மாமாவும் வருவார். அப்பாவின் கையைப் பார்த்து வின்ச் ஓட்டுகிறவர் அவர்தான்.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வது எங்கள் வீட்டில் அப்பாவின் பொறுப்பு. கோயிலில் பாட்டுப் பாடும்போது அவருக்குத் திக்கவே திக்காது. ஆனால் “ஆண்டவரே” என்று தனியாகப் பேசி ஆரம்பிக்கும்போது முதல் எழுத்திலேயே நின்றுவிடும். நாங்கள் காத்திருப்போம். அதை ஒரு குறை என்றே நினைக்காமல், சோறு வடியக் காத்திருப்பது போலக் காத்திருப்போம். கொயந்தைங்க நாளில் யார் யாரை எப்படி நடித்தாலும் அதை மட்டும் யாரும் தொட்டதில்லை. தொடக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.

எனக்குப் பதின்மூன்று வயதான அந்த வருடம் பள்ளித் தோழர்கள் சிலரை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தேன். கரியால் மீசை வரைந்து, முழங்கால்வரை தொங்கும் சட்டையோடு, அப்பா நடப்பது போல நடந்தேன், சிரித்தார்கள். அவர் வெற்றிலை மடிப்பது போல மடித்தேன், இன்னும் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு போதை, அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மா சோற்றுப் பானையைக் கொண்டுவந்து வைத்து ஜெபம் என்றாள். நான் கைகூப்பி, “ஆ… ஆ…” என்று ஆரம்பித்து, தாடையை இழுத்து, கண்ணைச் செருகி, அங்கேயே நின்றேன். தோழர்கள் உருண்டு சிரித்தார்கள். நான் விடவில்லை. ஸ்டெல்லா மட்டும் கண்ணை மூடி, கைகூப்பி, எந்நாளும் போலக் காத்திருந்தாள். அவளுக்கு ஜெபம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

மூலையில் முட்டிபோட்டிருந்த அப்பா கையை நீட்டி, உள்ளங்கையைத் தரைப்பக்கம் கவிழ்த்து, காற்றைத் துடைப்பது போல ஒரு வீச்சு வீசினார். நிறுத்து. விளையாட்டின் ஒரு பகுதி என்று எண்ணித் தோழர்கள் அதற்கும் சிரித்தார்கள். மாணிக்கம் மாமா சிரிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் என்னிடம் மெல்லச் சொன்னார்: “மொதல்ல அந்தச் சட்டைய கயட்டு. உனுக்கு அது ரொம்பப் பெர்சா கீது.”

அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவைப் பார்த்து முகவாயை மட்டும் அசைத்தார். அம்மா ஒரு நொடி தயங்கிவிட்டு ஜெபத்தைச் சொன்னாள். அதற்கடுத்த நாளும் அவள்தான் சொன்னாள். அதன்பிறகு அப்பா வீட்டிலும் கையால் பேசத் தொடங்கினார்: சோறு போடு, விளக்கைத் தணி, கதவைச் சாத்து. வெள்ளை விருந்தும் கப்பல் விருந்தும் நடந்தன, அவர் எங்களோடு சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வீட்டில் அவர் குரல் குறைந்துவிட்டது. காரணம் எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது அந்தப் பாவத்தைச் சாமியாரிடம் சொன்னேன். நைனாவிடம் மன்னிப்புக் கேட்டாயா என்றார். இல்லை என்றேன். “அப்போ வழி தப்பி எங்கிட்ட வந்துட்டே” என்று சொல்லி அனுப்பிவிட்டார். துறைமுக வாசலுக்கு அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோன ஒரு மதியம், “நைனா, அன்னிக்கி நான்…” என்று தொடங்கினேன். எனக்கே வாய் ஒட்டிக்கொண்டது. அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து ‘மெதுவாக’ என்று காட்டிவிட்டு, தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த டிசம்பரில் கொயந்தைங்க நாளே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. அப்பாவும் எதுவும் நடக்காதது போல அரைநிக்கரைத் தேடி எடுத்தார். மாணிக்கம் மாமா வந்தார். தோழர்களை நான் கூப்பிடவில்லை. இலை போட்டு, ஆட்டுக்கறிக் குழம்பு வந்து, ஜெபத்துக்கு நேரமாயிற்று. அம்மா ஆரம்பிக்க வாயெடுத்தாள். அன்று என் சொல்லை யாரும் மறுக்கக் கூடாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னேன்:

“டேய் சவரி, இன்னிக்கி ஜெபம் நீதான் சொல்ற.”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கை மேலே எழுந்தது. ‘நிறுத்து’ என்று காட்டப்போகிறார் என்று நினைத்தேன். ரெட்டைச் சடையோடு உட்கார்ந்திருந்த அம்மா அவர் பக்கம் திரும்பி, “நைனா சொல்றாரு இல்ல? சொல்லு” என்றாள்.

கை இறங்கியது. இரு கைகளையும் கூப்பினார். “ஆ…” என்று தொடங்கினார். நின்றார். மறுபடி தொடங்கினார். எங்கள் ஜெபம் எதுவும் தெரியாத மாணிக்கம் மாமாவும் கைகூப்பித் தலைகுனிந்திருந்தார். குழம்பின் ஆவி அடங்கிவிட்டது. சிறிய ஜெபம்தான், முடிய வெகுநேரம் ஆயிற்று. முடித்ததும் அப்பா என்னைப் பார்த்து, திக்கித் திக்கி, “இப்ப துன்லாமா, நைனா?” என்றார். முதலில் சிரித்தவள் ஸ்டெல்லா. பிறகு எல்லோரும் சிரித்தோம், நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அன்று படுத்தேன். மறுநாள் அப்பா அம்மாவைப் பார்த்து முகவாயை அசைத்தார். கெடுத்தது முழுதாகத் திரும்பக் கிடைக்காது என்று அப்போது புரிந்தது. ஆனால் வருடா வருடம் கொயந்தைங்க நாளில் நான் உத்தரவு போடுவேன், அவர் சொல்லுவார். எண்ணூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருமுறை பஸ் கிடைக்காமல் இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தேன். இலையெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தது. ஸ்டெல்லாவுக்குப் பசியில் கோபம்: “நீ வந்து சொன்னாத்தான் சொல்லுவாராம். சீக்கிரம் சொல்லித் தொலை.” செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே சொன்னேன்.

இன்று அந்தச் சந்தில் அடுக்குமாடி நிற்கிறது. துறைமுகத்தில் சரக்கு பெட்டி பெட்டியாக இறங்குகிறது என்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் மாணிக்கம் மாமாவும் போய்விட்டார்கள். என் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்து, ஒரு வருடம் காடு, ஒரு வருடம் கடல் என்று ஜோடித்து விருந்து வைக்கிறார்கள். சந்தோஷமாகவே போய் உட்காருகிறேன், காகிதத் தொப்பியும் போட்டுக்கொள்கிறேன். அது அம்மாவுக்கு மிகவும் பிடித்திருக்கும். கொயந்தைங்க நாளை மட்டும் நாங்கள் கொண்டாடுவதில்லை. ஸ்டெல்லா கூப்பிட்டாள், நான்தான் வேண்டாம் என்றேன்.

மன்னித்துவிட்டேன் என்று அப்பா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எந்த வீட்டில் அவரை வாயடைக்க வைத்தேனோ அந்த வீட்டில், வருடத்தில் ஒரு நாள், நான் சொன்னேன் என்பதற்காக அவர் பேசினார். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. கொடுத்ததே நிறைய.