உம்மா அளந்த ஒரு சாண்

சிதம்பரத்தில் நாயனக் கச்சேரியைப் பதிவு செய்ய, என் மகள் மேடைக்கு எதிரே இரண்டு மைக்குகளை நிறுத்தி, நடுவே அளவு டேப்பைப் பிடித்தாள். "பதினேழு சென்டிமீட்டர். வெளிநாட்டு ரேடியோக்காரங்க கணக்கும்மா" என்றாள்.

எனக்கு உம்மாவின் சாண் ஞாபகம் வந்தது.

அறுபதுகளில், கடலூர் முதுநகரில் எங்கள் சின்னம்மா கல்யாணம். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா, உம்மாவின் தம்பி, இரண்டு மைக் உள்ள ஸ்டீரியோ டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தார். மருதாணி வாசனை நிறைந்த கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கல்யாணப் பாட்டுப் பாடினார்கள். மாமா இந்தக் கோடியில் ஒரு மைக்கும் அந்தக் கோடியில் ஒரு மைக்கும் வைத்தார். போட்டுக் கேட்டால், ஓரத்தில் இருந்த பெரியம்மாக்கள் இருவரும் முழங்கினார்கள். நடுவில் இருந்து பாட்டெடுத்துக் கொடுத்த என் உம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"தூரம் ஜாஸ்தி இருந்தாத்தாங்க்கா ஸ்டீரியோ" என்றார் மாமா.

"என் காது ரெண்டும் கூடத்துக்கு ரெண்டு கோடியிலயாடா இருக்கு?"

உம்மா முக்காட்டுக்கு மேலேயே கையை விரித்து, பின்னந்தலையில் காதுக்குக் காது அளந்தாள். ஒரு சாண். வரிசைக்கு எதிரே, நடுவில், இரண்டு மைக்கையும் அதே சாண் இடைவெளியில் தானே வைத்தாள்.

மறுபடி பாடிப் பதிந்து, போட்டுக் கேட்டபோது, ஒவ்வொருத்தியும் அவளவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடினாள். நட்டநடுவில் உம்மா. மாமா ரெக்கார்டர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டார்: 'அக்கா கையால் ஒரு சாண்.'

மகளின் டேப் மேல் என் கையை விரித்து வைத்தேன். உம்மாவைப் போலவே சின்னக் கை. சரியாகப் பதினேழில் நின்றது.

"வெளிநாட்டுக்காரங்களும் அதையேதான் சொல்றாங்களா?" என்றேன். "சரிதான்."